தா.பழூரில் காதுகுத்து

அந்தக் கடுதாசியைக் கிழித்தது நான்தான். யார் எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அமிர்தலிங்கம் வாத்தியார் கிழிக்கவில்லை, தபால்காரர் கிழிக்கவில்லை. அரியலூர்க் கடைத்தெருவில் அச்சாபீஸ் நடத்துகிற பூங்காவனமாகிய நான், வாசல் வெயிலில் நின்று, என் கையாலேயே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். அப்புறம் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தேன். சாவுக் கடுதாசியை வேறு என்ன செய்வார்கள்? வாசலில் வைத்துப் படிப்போம், கிழிப்போம். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டி வைக்கிற ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஒரு கடுதாசி இல்லாமல் போனதால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போக இருந்தார். என் அச்சாபீஸுக்குப் பூட்டு விழ இருந்தது. அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வாத்தியார் எங்கள் ஊர்க்காரர் இல்லை. தெற்கே இருக்கிற ஒரு சமஸ்தானத்தில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர். அந்தச் சமஸ்தானத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை, அதற்கு அவ்வளவு மரியாதை போதும். ராஜா வேட்டைக்குப் போகிற பாதைக்குக் குடியானவர்களைக் கூலியில்லாமல் பிடித்துப் போய் மண் வெட்ட வைக்கிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் எழுதினாராம். தகரப் பெட்டியோடு வண்டியில் ஏற்றி எல்லைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். திரும்பி உள்ளே கால் வைத்தால் ஜெயில் என்று உத்தரவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே என் வாசலுக்கு வந்து, "இங்க பேப்பர் அச்சடிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மிஷினை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிடு என்று சொந்தக்காரர்கள் நச்சரித்துக்கொண்டிருந்த சமயம். அவர்களுடைய வாயை அடைக்கவாவது வேலை வேண்டியிருந்தது. சரி என்றேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் "நேர்வாக்கு". வாரம் ஒரு முறை, நாலே பக்கம். சண்டைக் காலத்தில் வந்த காகிதப் பஞ்சம் அப்போதும் தீரவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு என்று வைத்திருந்த ரோஸ் தாளிலும் மஞ்சள் தாளிலும்தான் பேப்பர் வரும். முதல் இதழைப் பார்த்த ஜவுளிக்கடைக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கட்சிக்காரர் ஒருவர் வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாகத் தருவதாகவும், தலைவர்களைப் பற்றி மட்டும் பார்த்து எழுதும்படியும் சொல்லிப் பார்த்தார். உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவரும் வந்தார், அவருக்குக் குத்தகை விஷயம் எழுதக்கூடாது. வாத்தியார் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"வெள்ளத் தாள வேணாங்கற மனுசன நான் இப்பதாங்க பாக்கறேன்" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"வாங்கிட்டா அப்பறம் அவங்க பேப்பரும்மா அது. இப்ப அழுக்கா இருந்தாலும் நம்ம பேப்பர்."

நான் ரோஸ் தாளைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

அவருடைய பெரிய கஷ்டம் தாள் இல்லை. எந்த ஊரைப் பற்றி எழுதுகிறாரோ அந்த ஊருக்குள் அவரால் போக முடியாது. ஒரு சங்கதி காதில் விழுந்தால் மற்றவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இவர் அச்சாபீஸ் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கடுதாசிக்குக் காத்திருக்க வேண்டும். அங்கேயிருந்து வருகிற தபாலையெல்லாம் சமஸ்தானத்து ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள். பாதி வந்து சேராது. கடைசியில் அங்கிருந்த ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடுதாசியின் மூலையில் கறுப்பைத் தடவி, "இன்னார் சிவலோக பதவி அடைந்தார்" என்று தலையில் எழுதிவிட்டால் தபால் பிரிக்கிறவன் மேற்கொண்டு தொட மாட்டான். இழவுக் கடுதாசியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள எவனுக்கு மனசு வரும்? அதற்குக் கீழே சங்கதி இருக்கும்.

ஆகவே எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று சாவு வந்தது. "ஒங்க ஒறவுல யாராச்சும் மிச்சம் இருக்காங்களாம்மா?" என்று தபால்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். அவை பொய்ச் சாவு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, மூலையில் கறுப்பைப் பார்த்தால் என் கால் வாசற்படி ஏறாது. தெருவில் நின்று உரக்கப் படிப்பேன். வாத்தியார் உள்ளேயிருந்து நோட்டில் எழுதிக்கொள்வார். படித்து முடித்ததும் கிழித்துவிடுவேன். அவரும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தானே வளர்த்திருப்பார்கள்.

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதக் கடைசியில் வந்த கடுதாசியில் தலையில் எழுதியிருந்ததும் நிஜம், கீழே எழுதியிருந்ததும் நிஜம். வேட்டைப் பங்களாவுக்குப் பாதை போடக் குன்றை வெட்டும்போது மண் சரிந்து மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள். வைரக்கண்ணு, முத்துசாமி, செல்லக்கண்ணு. பிணத்தைத் தோண்டி எடுக்காமல் மேலேயே சரளையைக் கொட்டி இடித்துப் பாதையைப் போட்டுவிட்டார்கள். கூடை சுமந்துகொண்டு பக்கத்திலேயே நின்ற வைரக்கண்ணுவின் பெண்சாதி பஞ்சவர்ணம் சொல்லச் சொல்ல யாரோ எழுதி, கீழே அவள் கைநாட்டும் வைத்திருந்தாள். படித்தேன், கிழித்தேன்.

வாத்தியார் உடனே போட்டுவிடவில்லை. அங்கே இருந்த இன்னொரு ஆளிடம் விசாரித்து, ஆமாம் என்று பதில் வந்தபிறகுதான் போட்டார். மூன்று பேர் பெயரும், வேலையை நடத்திய ஓவர்சியரின் பெயரும் ரோஸ் தாளில் முதல் பக்கத்தில் வந்தன. விசாரித்துச் சொன்ன ஆள் சமஸ்தானத்து உத்தியோகஸ்தர். கோர்ட்டுக்கு வந்தால் அவர் குடும்பம் தெருவில் நிற்கும்.

இரண்டாவது வாரம் சம்மன் வந்தது. ஓவர்சியர் அரியலூர்க் கோர்ட்டிலேயே மானநஷ்டப் பிராது கொடுத்திருந்தார். யாரும் சாகவில்லை, மூன்று பேரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று பிராது சொன்னது. முதல் எதிரி அமிர்தலிங்கம், எழுதியதற்காக. இரண்டாம் எதிரி பூங்காவனம், அச்சடித்ததற்காக. என் பெயரைச் சம்மனில் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். இனிஷியலைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

பெரம்பலூரிலிருந்து வேணுகோபால் வக்கீல் எங்களுக்காக வந்தார். "நேர்வாக்கு" இதழை முதலிலிருந்து படிக்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கடுதாசியக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"கிழிச்சுட்டேங்க" என்றேன்.

"கிழிச்சிட்டீங்களா?"

"சாவுக் கடுதாசிங்க அது. ஒங்க வூட்டுல வச்சுக்குவாங்களா?"

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவர் வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு, "நேர்ல பாத்த சாட்சி ஒண்ணு வேணும். இல்லன்னா வாத்தியாருக்கு ஜெயிலு. முடிச்சு வெளியில வர்றப்ப சமஸ்தானத்துப் போலீஸ் கேட்டுலயே நிக்கும், கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவான். அச்சாபீஸ் நடத்த ஒங்களுக்கும் அனுமதி இருக்காது" என்றார். விசாரணை பங்குனி இரண்டாவது திங்கட்கிழமை.

அன்று முழுக்க வாத்தியார் பெஞ்சியில் உட்கார்ந்து பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். சாயங்காலம் நானே போய், "திட்டுங்களேன்" என்றேன். "நானும்தானேம்மா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "நான் மட்டும் போக முடிஞ்சா ரெண்டு நாள்ல அந்தப் பொண்ணப் பாத்துட்டு வந்துருவேன்" என்றார். அந்த மனிதரின் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். உங்களுக்குத்தானே தடை, எனக்கு என்ன தடை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பஞ்சவர்ணத்துக்குப் பிறந்த ஊர் தா.பழூர் என்று கடுதாசியில் இருந்ததை வாத்தியார் நோட்டில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் புகையைக் குடித்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து வண்டி பிடித்துத் தா.பழூர் போனேன். அவள் அண்ணன் அங்கமுத்து வயலில் இருந்தார். அவருக்கும் சாவுக் கடுதாசி வந்திருந்தது. அவரும் கிழித்திருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கடுதாசி வந்தன்னக்கே கோடிச் சேலை எடுத்துக்கிட்டுப் போனங்க்கா" என்றார் அங்கமுத்து. "ஊர் எல்லையிலயே மறிச்சுட்டானுவ. ஒன் தங்கச்சி புருசன் எலங்கைக்கில்ல போயிருக்கான், கோடி யாருக்குடான்னு கேட்டு அடிச்சானுவ. தாலிய எடுக்கக் கூடாதாம், பொட்ட அழிக்கக் கூடாதாம், அழுவக்கூட கூடாதாம். வாசல்ல ஆள் போட்டிருக்கான் மணியக்காரன். அந்த ஊர வுட்டு வெளிய வர வுட மாட்டேங்கறான்."

என் வீட்டுக்காரர் போன அன்று தெருவே வந்து அழுதது. நான் அழ முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுகூட என்னைக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் அழுதார்கள். இவள் கட்டினவனை மண்ணுக்குள் பார்த்துவிட்டு, தினமும் காலையில் எழுந்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறாள். வைக்கிறாளா என்று பார்க்க ஒருவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலையில் இடி விழ.

அந்தக் கோபத்தில்தான் வாயில் வந்தது. "அவ சுமங்கலின்னு தானே சொல்றானுவ? அப்ப ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்புட்டா அனுப்பித்தானே ஆவணும்? தாலி அறுத்தவன்னா வூட்டோட கெடன்னு சொல்லலாம். சுமங்கலிய அண்ணன் வூட்டு விசேஷத்துக்குப் போவாதன்னு எந்த வாயால சொல்லுவான்?"

அங்கமுத்து என்னையே பார்த்தார். உள்ளேயிருந்து அவர் பெண்சாதி ஜெகதாம்பாள் ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டாள்.

அரியலூருக்குத் திரும்பி வாத்தியாரிடம் சொன்னேன். ஒரு அழைப்பு அச்சடித்து அனுப்பிவிடலாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகத்தைச் சுளித்தார்.

"என்ன விசேஷம்?"

"ஏதோ ஒண்ணு. அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குது. காதுகுத்துன்னு போட்டுக்குவோம்."

"நடக்காத காதுகுத்துக்கா? அது பொய்யில்லயாம்மா? நம்ம அச்சாபீஸ்லேந்து பொய் போவக் கூடாது. நாளைக்கு அந்தப் பத்திரிகையவே கோர்ட்டுல காட்டி, இவுங்க எதையும் அச்சடிப்பாங்கன்னு சொன்னா என்ன பதில் சொல்லுவீங்க?"

ஜெயில் வாசலில் நின்றுகொண்டு மனிதர் நியாயம் பேசுகிறார் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சமையல்கட்டுக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். ஆனால் யோசிக்க யோசிக்க அவர் சொன்னதில் தப்பில்லை. பொய் கூடாது என்றால் நிஜமாகவே குத்திவிட வேண்டியதுதான்.

மறுபடியும் தா.பழூர். மறுபடியும் அந்தப் புகை. அங்கமுத்து தயங்கினார். தயங்காமல் என்ன செய்வார், தங்கை புருஷன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாவு விழுந்த வருஷத்தில் நல்ல காரியம் செய்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. ஜெகதாம்பாள்தான் பேசினாள். "குத்துவோங்க. வைரக்கண்ணு அண்ணன் இருந்தா அவரே வந்து சீர் செய்வாரு. நம்ம பொண்ணு தனத்த வெறுங்காதோட வச்சுக்கிட்டு ஒங்க தங்கச்சிய அங்க சாவ வுடறதுக்குப் பதிலா, குத்திப்புடுவோம். கோச்சிக்க மாட்டாரு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பத்திரிகையைக் கோத்து முடித்தேன். என் ஆயுளில் அவ்வளவு ஆசையாக எதையும் கோத்ததில்லை. பங்குனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தா.பழூரில், சௌபாக்கியவதி தனத்துக்குக் காதணி விழா. "அத்தை ஸ்ரீமதி பஞ்சவர்ணத்தம்மாள் சீர்வரிசையுடன் முன்னதாக வந்திருந்து" என்று தனியாக ஒரு வரி. அவள் புருஷன் பெயரை நான் போடவில்லை. வாத்தியார் அதை மட்டும் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு, "சரி, இது அத்தனையும் உண்மை" என்றார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பஞ்சவர்ணத்துக்கு ஒன்று அனுப்பினோம். மணியக்காரருக்கும் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒன்று அனுப்பினோம். அது என் யோசனை.

மணியக்காரர் பட்ட பாட்டைப் பஞ்சவர்ணம் பிறகு சொன்னாள். பத்திரிகையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தாராம். போகக்கூடாது என்றால் ஊர்ப் பெண்கள் கேட்பார்கள், அத்தை இல்லாமல் காதுகுத்தா, அவளுக்கு என்ன குறைச்சல் என்று. குறைச்சல் இன்னதென்று அவர் வாயால் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு தலையாரியைத் துணைக்கு அனுப்பி, மூன்றாம் நாள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். சீருக்கு என்று ஒரு தாம்பாளமும் அவரே கொடுத்தாராம். வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன், நல்ல பித்தளை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கல்யாணப் பத்திரிகை ஆயிரக்கணக்கில் அடிக்கிறவள் என்றாலும் என்னை யாரும் பந்தலுக்குள் கூப்பிட மாட்டார்கள், நானும் போக மாட்டேன். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஆசாரி காதைக் குத்தினார், தனம் அழுது ஊரைக் கூட்டினாள். ஜனம் சிரித்தது. தலையாரி முதல் பந்தியிலேயே உட்கார்ந்து மூன்றாவது தடவையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சிவப்புச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் குழந்தை. ஒருத்தி பந்தலை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே அச்சாபீஸ் அக்கா?"

"ஆமா."

"நானும் ஒங்களோட இங்கயே ஒக்காந்துக்கறேங்க்கா. என் எடம் இதுதான்."

பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடை சுமந்து காய்த்துப்போன கை. இரண்டு பேரும் அழவில்லை, தலையாரி பார்ப்பான்.

கோர்ட்டைப் பற்றிச் சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடுதாசியைக் கிழித்ததையும் சொன்னேன். சாட்சி சொன்னால் அவள் வீடு, மூன்று மா நிலம் எதற்கும் திரும்பிப் போக முடியாது, வாத்தியார் மாதிரிதான் ஆகிவிடும் என்பதையும் சொன்னேன். வாத்தியார் அதைச் சொல்லாமல் கூட்டி வரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாதையிலதாங்க்கா தெனமும் ஜனம் நடக்குது. அவரு மேல நடக்குது. அத நான் பாத்துக்கிட்டு அங்க இருக்கணுமா? எப்பக் கெளம்பணும்?"

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டோம். தலையாரி கோயில் மண்டபத்தில் பாயச மயக்கத்தில் கிடந்தான். அங்கமுத்து, பஞ்சவர்ணம், குழந்தை, நான். பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்று கரியைக் கிளறியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. பதினொரு மணிக்குக் கோர்ட் வாசலில் இறங்கினபோது வாத்தியார் மரத்தடியில் நின்றிருந்தார். பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஓவர்சியரின் வக்கீல் திருச்சியிலிருந்து வந்தவர், சரிகை அங்கவஸ்திரம். எங்கள் சாட்சி என்று பஞ்சவர்ணத்தைக் கூண்டில் ஏற்றியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கழுத்துல தாலி, நெத்தியில குங்குமம், கால்ல மெட்டி. இவுங்க புருசன் செத்துட்டார்னு இந்தப் பேப்பர் எழுதியிருக்கு. விதவையா இவுங்க? கோர்ட்டாரே பாக்கட்டும்" என்றார். பின்னால் நின்ற கூட்டம் சலசலத்தது. நாங்கள் கூட்டி வந்த வழியே எங்களைக் குத்துகிறதே என்று வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பஞ்சவர்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொல்றே?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"தாலிய எடுத்தா புள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிருவோம்னாங்க. அதனால இருக்குங்க" என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புருசன் பேரு?"

குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு அங்கமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். பெண்பிள்ளை சாட்சி என்றால் அப்படித்தான், புருஷன் பெயரைக் கூட வந்த ஆண்பிள்ளைதான் சொல்வார். அங்கமுத்துவும் வாயைத் திறந்தார். பஞ்சவர்ணம் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் சொல்றேங்க. கட்டிக்கிட்ட நாளையிலேந்து நான் அந்தப் பேரச் சொன்னதில்ல. இப்ப நானும் சொல்லலன்னா அப்புடி ஒரு ஆளே இல்லன்னுருவாங்க. வைரக்கண்ணு. எழுதிக்குங்க. வைரக்கண்ணு செத்துப்போயிட்டாரு. அவரோட முத்துசாமி அண்ணனும் செல்லக்கண்ணு சித்தப்பாவும் செத்துப்போயிட்டாங்க. நான் கூடையோட பத்தடி தள்ளி நின்னேன். அவரு கை மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. தோண்டுங்க தோண்டுங்கன்னு கால்ல வுழுந்தேன். இந்தா நிக்கிறாரே, இவருதான் சரளையக் கொட்டுன்னாரு."

சரிகை வக்கீல் எழுந்து, இந்தப் பெண் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள், புருஷன் இலங்கையில் இருப்பது நிச்சயம் என்றார். பஞ்சவர்ணம் அவர் பக்கமே திரும்பினாள்.

"இருக்காருங்களா? கூட்டியாங்க. எலங்கையிலேந்து வர எத்தன நாளு ஆவும்? நான் இந்த வாசல்லயே புள்ளையோட ஒக்காந்திருக்கேன். மூணு பேரையும் வேணாம், ஒருத்தரக் கூட்டியாந்து நிறுத்துங்க. நான் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கிட்டு நீங்க சொல்ற செயிலுக்குப் போறேன்."

மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினைந்து நாள் தருகிறேன். ஒருவரைக் கொண்டுவர முடியுமா?" என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் தரையைப் பார்த்தார். "ஒரு மாதம்?" என்றார் மாஜிஸ்ட்ரேட். ஓவர்சியர் வக்கீலின் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு வக்கீல் எழுந்து, தங்கள் கட்சிக்காரர் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவியதைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

வேணுகோபால் வக்கீல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். வெளியே நின்ற ஜனம் கத்திய கத்தலில் கோர்ட் மரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. கீழே இறங்கி வந்த பஞ்சவர்ணம் என் தோளைத் தொட்டு, "அக்கா, இப்ப எடுத்துரலாமா?" என்றாள்.

கோர்ட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் உட்கார வைத்தோம். கறிகாய் விற்க வந்தவர்கள், சாட்சிக்கு வந்தவர்கள், யார் யாரோ பெண்கள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தாலியை நான்தான் எடுத்தேன். இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்த அழுகை வந்தது. பழக்கமில்லாத ஊரில், முகம் தெரியாத பெண்கள் எல்லாம் மாரடித்துக்கொண்டு வைரக்கண்ணுவுக்காக அழுதார்கள். நானும் அழுதேன். என் வீட்டுக்காரருக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். அங்கமுத்து அப்போதே போய்க் கோடி எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அச்சாபீஸில் தனி இதழ் போட்டோம். அவள் கோர்ட்டில் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாத்தியார் எழுதினார். மூன்று பேர் பெயருக்கும் என்ன எழுத்துப் போடுவது என்று கேட்டார். மாப்பிள்ளை பெயருக்கு என்று வைத்திருக்கிற பெரிய எழுத்தை எடுத்தேன். ஆயிரம் பிரதி அடித்தும் போதவில்லை, மத்தியானம் மறுபடி மிஷினில் ஏற்றினோம். லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் தெற்கே போகிற தம் சரக்கு மூட்டைகளுக்குள் நானூறு பிரதியை வைத்து எடுத்துப் போனார்.

பஞ்சவர்ணம் வெள்ளைச் சேலையில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மை காயாத ஒரு தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல அவரு பேரு எதுங்க்கா?"

விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். மை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"எம்மாம் பெரிசா இருக்காரு" என்றாள். பிறகு எழுந்து, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுக்கிக் கிடந்த தாள்களை மடிக்க உட்கார்ந்தாள்.